மிலன் போனவன் ஏலாக்குறிச்சி போகலை

பொட்டி தட்டுற பொழப்புல போன வருஷம் மூணு மாசம் இத்தாலியில ஆன்சைட். மிலன் நகரம். போன முதல் சனிக்கிழமையே எல்லாரையும் போல துவோமோ கதீட்ரலுக்குப் போயாச்சு. டிக்கெட் வாங்கி, வரிசையில நின்னு, மொட்டை மாடி வரைக்கும் ஏறி இருநூறு போட்டோ எடுத்தேன். 1386-ல கட்ட ஆரம்பிச்சு, கடைசிக் கதவை 1965-லதான் மாட்டினாங்களாம். வாயைப் பொளந்து பார்த்தேன்.

மன்னார்குடி வந்ததும் வீட்டுல எல்லாருக்கும் படம் காட்டினேன் (நிஜமாவே படம்தான் :-)). தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆன பெரியப்பா, பொறுமையா எல்லாத்தையும் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏலாக்குறிச்சி போயிருக்கியாடா?"

இல்லை. தஞ்சாவூர், திருவையாறு, திருமானூர்னு அரியலூர் ரூட்ல கல்யாணம் காட்சிக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன். திருமானூர்ல இறங்கித் திரும்பினதே இல்லை.

வீரமாமுனிவர் பல காலம் இருந்த ஊர் அது. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1680-ல இத்தாலியில காஸ்திலியோனேங்கற ஊர்ல பிறந்தவர். நான் மூணு மாசம் குப்பை கொட்டின மிலன்ல இருந்து ரெண்டு மணி நேரப் பயணம்தான். அங்கயும் போகலை, இங்கயும் போகலை!

அடுத்த ஞாயித்துக்கிழமையே தம்பியைக் கூட்டிக்கிட்டு பைக்ல கிளம்பிட்டேன். "நம்ம ராஜகோபாலசாமி இருக்க, அங்க எதுக்குடா?"ன்னு அம்மா கேட்டாங்க. மிலன் போட்டோவைப் பார்த்து அக்கம்பக்கத்துல பெருமை பேசினதும் இதே அம்மாதான். அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. நாம எல்லாருமே அப்படித்தான். இத்தாலியில இருந்தா அது கலை, வரலாறு. நம்ம ஊர்ல இருந்தா அது 'அவங்க கோயில்'.

மதம் பரப்ப வந்தவர்தானேம்பீங்க. ஆமா. தரங்கம்பாடி லுத்தரன்காரங்களோட மல்லுக்கட்டி புத்தகமே எழுதினவர். ஆனா துவோமோவை மட்டும் என்ன டூரிஸ்ட்டுக்காகவா கட்டினாங்க? அங்க வராத கேள்வி இங்க மட்டும் ஏன் வருது?

அண்ணாந்து பார்க்க என்ன இருக்குன்னு கேட்டா, மிலன் அளவுக்கு ஒண்ணும் இல்லைதான். மிலன்ல ஷூவோட நடந்த நான், அடைக்கல மாதா கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய்த் தரையில உட்கார்ந்தேன். பக்கத்துல ஒரு பாட்டி மெழுகுவத்தியைக் கையில வச்சிக்கிட்டு மாதாகிட்ட ஏதோ முறையிட்டுக்கிட்டிருந்தாங்க. நம்ம ஆத்தா கோயில்ல கேக்குற அதே தொனி. 3615 பாட்டு உள்ள தேம்பாவணியோட தொடர்புள்ள ஊர்ல உட்கார்ந்திருக்கோம்கற நினைப்பு ஒரு மாதிரி பண்ணிடுச்சு. இருநூறு போட்டோ எடுத்தவன் அங்க கேமராவைத் தொடவே இல்லை.

முன்னாடி நம்ம எழுத்துல எ, ஒ குறில்னு காட்ட மேல புள்ளி வைக்கணும். புள்ளி விட்டுப்போனா 'செய்'யா 'சேய்'யான்னு குழப்பம். அதை மாத்தி, நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்த பெருமை இவருக்குத்தான்னு பெரியப்பா பாடம் எடுத்தார். பதிவர்களே, நாம தினம் தட்டுற ஏ, ஓ, இரட்டைக்கொம்பு எல்லாத்துலயும் அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கார்.

கும்பிட வேண்டாம். ஒரு தடவை போய்ப் பார்த்துட்டாவது வாங்க.

டிஸ்கி: அடுத்த தடவை அம்மாவும் வர்றாங்களாம். மாதாவுக்கு மல்லிப்பூ வாங்கிட்டுப் போகலாமான்னு கேட்டாங்க :-)