ரேகை பொய் சொல்லாது என்று யார் சொன்னது?

'ரேகை பொய் சொல்லாது' என்ற வாசகத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. ரேகை உண்மையும் சொல்லாது, பொய்யும் சொல்லாது. தோலின் மேடு பள்ளங்கள் விட்டுச்செல்கிற வியர்வைக் கறை அது. வாய் திறந்து சொல்வது அந்தக் கறையைப் பார்க்கிற மனிதர். அவர் தப்பு செய்வாரா, எத்தனை முறைக்கு ஒருமுறை செய்வார், அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? துப்பறியும் கதை படித்து வளர்ந்த நாம் இந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை. பூதக்கண்ணாடி வந்துவிட்டால் கதை முடிந்தது என்று பழகிவிட்டோம்.

கட்டைவிரலை வைத்து நம்மை எண்ணியதற்கு நீண்ட வரலாறு உண்டு. தோட்டத்தில் சம்பளப் புத்தகத்தில் விரலை உருட்டியவர்களைத்தான் 'கைநாட்டு' என்று இன்றுவரை கேலி செய்கிறோம். 1948 ஜூன் 16 அன்று சுங்காய் சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அதோடு சேர்ந்து பிறந்ததுதான் நம் ஐசி. பன்னிரண்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்துப் பதிய வேண்டும் என்றானது. 2001-இல் மைகார்டு வந்தபோது அதே பெருவிரல் சில்லுக்குள் போனது. ஆக, இந்த நாட்டில் எல்லாருடைய விரலும் அரசாங்கத்திடம் இருப்பதற்கு நம்ம ஊர்தான் தொடக்கப் புள்ளி.

கடல் தாண்டினால் இன்னும் கசப்பு. குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு மதுரைப் பக்கம் மக்கள் வைத்த பெயரே 'ரேகைச் சட்டம்'. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். விரலைக் கொடுப்பது என்றால் என்னவென்று எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கைநாட்டுகளுக்குப் புரிந்திருந்தது.

ரேகையை வகைப்படுத்தும் முறையும் நம் பக்கத்தில் உருவானதுதான். 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் தொடங்கியபோது, 1,024 கட்டங்களாக ரேகைகளைப் பிரிக்கும் கணக்கைப் போட்டவர்கள் அசீசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். உலகம் அதை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில் படிக்கிறது. அடுத்த ஆண்டே ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையானார். வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றின் அட்டையில் இருந்த ரேகை, முன்னாள் வேலையாள் காங்கலி சரணுடையது என்று கண்டுபிடித்தார்கள். நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டனை கொடுத்தது, கொலைக்குக் கொடுக்கவில்லை. தொட்டான் என்பதற்கு ரேகை சாட்சி, கொன்றான் என்பதற்கு யாரும் சாட்சி இல்லை. 1898-இல் இருந்த இந்த நிதானம் நமக்கு இப்போது இருக்கிறதா?

2004-க்கு வருவோம். மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு ரேகை கிடைத்தது. அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் கணினி 20 பேரைக் காட்டியது. அதில் ஒருவர் ஓரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட். எஃப்.பி.ஐ.யின் மூன்று நிபுணர்கள் 'இவர்தான்' என்றார்கள். பிறகு நீதிமன்றம் நியமித்த நிபுணரும் 'இவர்தான்' என்றார். ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே 'இல்லை' என்று சொல்லியும் மே 6 அன்று அவரைப் பிடித்து அடைத்தார்கள். மே 19 அன்று அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் அறிவித்தது. மேஃபீல்ட் இஸ்லாத்தைத் தழுவியவர். முதல் முடிவுக்கு அது காரணமில்லை என்றாலும், முடிவை மறுபரிசீலனை செய்யத் தயங்கியதில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்று நீதித்துறையின் விசாரணை அறிக்கை சொன்னது. இன்னொன்றையும் சொன்னது: மேஃபீல்டின் ரேகையைப் பார்த்த பிறகு, அதில் இருந்த அம்சங்களை மங்கலான தடத்திலும் 'கண்டார்கள்'. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும்.

இது பயிற்சி இல்லாதவர்களின் தப்பு இல்லை. நால்வருமே அனுபவசாலிகள். நம்ம பிரச்சினையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

'உயர்நிலைப் பயிற்சி' என்றதும் புது ரசாயனம், லேசர் விளக்கு, விலை கூடிய மென்பொருள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். தடத்தைத் தெளிவாக எடுக்க அதெல்லாம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தடத்தைப் பார்க்கிற கண்ணுக்குப் பயிற்சி? 2006-இல் இட்டியல் டிரோர் குழு ஒரு சோதனை செய்தது. ஐந்து நிபுணர்களிடம், சில ஆண்டுகளுக்கு முன் அவர்களே 'பொருந்துகிறது' என்று முடிவு சொன்ன ரேகைகளைத் திரும்பக் கொடுத்து, 'இதுதான் அந்த மேஃபீல்ட் ரேகை' என்று மட்டும் சொன்னார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரேகை மாறவில்லை. காதில் விழுந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

நான் ஈப்போ பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். சில்லுகளைக் கண்ணால் பார்த்து 'நல்லது, கெட்டது' என்று பிரிக்கும் ஊழியரை நாங்கள் சும்மா லைனில் உட்கார வைப்பதில்லை. விடை தெரிந்த 50 சில்லுகளை வரிசை மாற்றி மாற்றி மூன்று தடவை கொடுப்போம். நேற்று 'நல்லது' என்றதை இன்று 'கெட்டது' என்றால் அவர் திரும்பப் பயிற்சிக்குப் போக வேண்டும். ஒருவர் தன்னோடு ஒத்துப்போகிறாரா, அடுத்தவரோடு ஒத்துப்போகிறாரா, உண்மையோடு ஒத்துப்போகிறாரா என்று மூன்று எண்கள் வரும். சில ரிங்கிட் பெறாத சில்லுக்கு இவ்வளவு பாடு. ஒருவன் கழுத்துக்கு?

எண்களே இல்லை என்று சொல்ல முடியாது. 2011-இல் அமெரிக்காவில் 169 நிபுணர்களைச் சோதித்தார்கள். வேறு வேறு ஆட்களின் ரேகைகளை ஒன்று என்று சொன்ன பிழை 0.1 சதவீதம். ஒரே ஆளின் ரேகைகளை வேறு என்று ஒதுக்கிய பிழை 7.5 சதவீதம். அடுத்த ஆண்டு அவர்களில் 72 பேருக்குப் பழைய ரேகைகளையே திரும்பக் கொடுத்தபோது, 'பொருந்துகிறது' என்ற முடிவுகளில் 89.1 சதவீதம்தான் அப்படியே திரும்பி வந்தன.

'0.1 சதவீதம் ரொம்பக் கம்மிதானே ப்ரோ?' என்று ஒரு நண்பர் கேட்டார். கம்மிதான். ஆனால் அவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள், சோதனை என்று தெரிந்தே செய்தவர்கள். பின்னால் நின்று 'ஆளைப் பிடிச்சாச்சு, அறிக்கை எப்போ?' என்று கேட்கிற அதிகாரி அங்கே இல்லை.

'இனி கணினி பார்த்துக்கொள்ளும்' என்பது அடுத்த வாதம். கணினி தருவது பட்டியல், தீர்ப்பு இல்லை. கிடங்கு பெரிதாகப் பெரிதாக, தற்செயலாக ஒத்துப்போகிற விரல்கள் அகப்படும் வாய்ப்பும் கூடும். மேஃபீல்ட் மாட்டியதே அப்படித்தான். பால்மரம் வெட்டி, ஆசிட்டில் கை நனைத்துத் தேய்ந்த என் பாட்டியின் பெருவிரலை, ஒரு கவுண்டரில் நான்கு தடவை துடைத்து வைத்தும் இயந்திரம் 'இல்லை' என்றது. சுத்தமான கண்ணாடியில் உயிருள்ள விரலுக்கே இந்தக் கதி. கசங்கிய பிளாஸ்டிக் பையில் கிடக்கும் கால்வாசித் தடத்துக்கு என்ன உத்தரவாதம்?

'நீ போலீசைக் குறை சொல்றே' என்பார்கள். ஸ்காட்லாந்தில் 1997-இல் ஒரு கொலை வீட்டுக்குள் கிடைத்த ரேகை ஷெர்லி மெக்கீயுடையது என்று நிபுணர்கள் சொன்னார்கள். அவரே போலீஸ்காரர். வீட்டுக்குள் போகவே இல்லை என்று சத்தியம் செய்ததற்காகப் பொய்ச்சாட்சி வழக்கில் சிக்கி, 1999-இல் விடுதலையானார். அது அவர் ரேகை இல்லை என்று பொது விசாரணை எழுதி முடிக்க 2011 ஆனது. ரேகைச் சான்றைக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும், உண்மையாக இல்லை என்றது அந்த அறிக்கை. இந்த ஓட்டை போலீசையும் விழுங்கும்.

சரி, என்னதான் செய்யணும்? முதலில், மங்கலான தடத்தில் என்னென்ன தெரிகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சந்தேக நபரின் ரேகையைக் காட்ட வேண்டும். இரண்டாவதாகச் சரிபார்ப்பவருக்கு முதலாமவரின் முடிவு தெரியக்கூடாது. தெரிந்தால் அது சரிபார்ப்பு இல்லை, ஆமாம் போடுவது. மூன்றாவது, அன்றாட வழக்குகளுக்கு நடுவே விடை தெரிந்த போலி வழக்குகளைச் சொல்லாமல் கலக்க வேண்டும். ஹூஸ்டன் நகரத் தடயவியல் மையம் இதைச் செய்கிறது. 2014-இல் நகரப் போலீசின் கையிலிருந்து ஆய்வகப் பொறுப்பை வாங்கிக்கொண்ட தனி அமைப்பு அது. இங்கே மரபணுவும் போதைப்பொருளும் கிமியா இலாகாவுக்குப் போகின்றன. ரேகை மட்டும் ஏன் வழக்கு நடத்தும் போலீசிடமே இருக்க வேண்டும்? நான்காவது, 'தெரியவில்லை' என்று சொல்லவும் பயிற்சி வேண்டும். அதைச் சொன்னவரை வேலை தெரியாதவர் என்று பார்க்கிற அலுவலகத்தில் எந்தப் படிப்பும் செல்லாது.

எனக்கு ஏன் இவ்வளவு அவசரம்? இங்கே 39பி என்றால் என்னவென்று தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். 2023-இல் கட்டாய மரண தண்டனை போனது, மரண தண்டனை போகவில்லை. ஒரு பொட்டலத்தின் மேல் ஒரு தடம் என்றால், வேலைக்கு லாரி ஓட்டுகிற, சாமான் தூக்குகிற நம் பையன்களின் வாழ்க்கை அதில் தொங்குகிறது. எப்போது தொட்டான், ஏன் தொட்டான் என்று அந்தத் தடம் சொல்லாது. வசதி இருப்பவன் வெளியிலிருந்து நிபுணரைக் கூட்டிவந்து குறுக்கு விசாரணை செய்வான். மற்றவர்களின் வழக்கில் 'பொருந்துகிறது' என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடியும்.

1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவில் விரல் ரேகை பற்றி நிபுணர் சொல்வதைக் 'கருத்து' என்றுதான் குறிப்பிடுகிறது. கருத்து என்றால் கேள்வி கேட்கலாம். இதை வாசிக்கிறவர்களில் சட்டம் படிப்பவர்கள் இருப்பீர்கள். முதல் வழக்கில் ரேகை வந்தால் நிபுணரிடம் அவருடைய அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். கடைசியாக எப்போது விடை தெரியாமல் சோதிக்கப்பட்டீர்கள், எத்தனை தவறு வந்தது, சரிபார்த்தவருக்கு உங்கள் முடிவு முன்பே தெரியுமா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த மௌனத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கதை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான்: அடுத்த துப்பறியும் கதையில் அந்த நிபுணரைக் கொஞ்சம் தடுமாற விடுங்கள்.