நடுப்புத்தகத்தின் மேல் ஏன் இத்தனை கோபம்?

மூன்று பாகக் கதைகளில் நடுப்பாகத்துக்கு நல்ல பெயர் கிடைப்பது அபூர்வம். முதல் பாகத்தில் புதுமை இருக்கிறது, கடைசிப் பாகத்தில் முடிவு இருக்கிறது. நடுவில் வருவதோ மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டாவது பிள்ளையைப் போல எல்லோரிடமும் குட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கும் ஆங்கில அமானுஷ்யக் கதைகளிலும் இதே நிலைமைதான். அப்படிக் குட்டு வாங்கிய ஒரு நடுப்புத்தகத்துக்காக வாதாடவே இக்கட்டுரை. பிள்ளைகள் கதையைப் பற்றிச் சங்கப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் லிப்பா பிரே எழுதிய மூன்று நாவல்கள் இவை. 'எ கிரேட் அண்ட் டெரிபிள் பியூட்டி' 2003-லும், 'ரெபெல் ஏஞ்சல்ஸ்' 2005-லும், 'தி ஸ்வீட் ஃபார் திங்' 2007-லும் வெளிவந்தன. மும்பைவாசிகளான நமக்கு இவற்றில் ஒரு தனி உரிமை உண்டு. கதை தொடங்குவதே நம் ஊரில்தான். 1895-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பம்பாய்க் கடைத்தெரு. ஜெம்மா டாயில் என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு அன்று 16-ஆவது பிறந்த நாள். அன்றே அவளுடைய தாய் இறந்துபோகிறாள். எப்படி இறந்தாள் என்பதை வீட்டார் மூடி மறைத்து, காலரா என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். (நிஜமான பம்பாயை மறு ஆண்டே, 1896-ல், பிளேக் சூறையாடியது.) பிறகு ஜெம்மா இங்கிலாந்தில் ஸ்பென்ஸ் என்னும் பெண்கள் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்படுகிறாள். வேற்றுலகம் ஒன்றின் வாசலைத் திறக்கும் சக்தி தனக்கு இருப்பதை அங்கே உணர்கிறாள். ஃபெலிசிட்டி, ஆன், பிப்பா என்று மூன்று தோழிகள் கிடைக்கிறார்கள். பிப்பாவுக்கு வலிப்பு நோய். அதை மறைத்து, வயதான வழக்கறிஞர் ஒருவருக்கு அவளைக் கட்டிவைக்கப் பெற்றோர் ஏற்பாடு செய்கிறார்கள். முதல் பாகம் முடிவதற்குள் அவள் இவ்வுலகை விட்டு வேற்றுலகத்திலேயே தங்கிவிடுகிறாள். பம்பாயிலிருந்து ஜெம்மாவைத் தொடர்ந்து வரும் கார்த்திக் என்ற இந்திய இளைஞனும் உண்டு.

நடுப்பாகம் அதே ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடக்கிறது. பெண்கள் லண்டனில் வீடுகளுக்குத் திரும்புகிறார்கள். வேற்றுலகில் கட்டறுந்து கிடக்கும் மந்திர சக்தியை ஜெம்மா ஒரு கோயிலைக் கண்டுபிடித்து மீண்டும் கட்ட வேண்டும். அதற்குள் சர்சி என்ற எதிரி முந்திக்கொள்ளக் கூடாது. சர்சி யார், எந்த உருவத்தில் இருக்கிறாள் என்பதே புதிர். பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் இருக்கும் நெல் ஹாக்கின்ஸ் என்ற பெண் விடுகதை போலச் சொல்லும் வார்த்தைகள்தான் வழிகாட்டி.

இந்தப் புத்தகத்துக்கு ரசிகர்கள் நிறைய. முதல் பாகத்தைவிட இதுவே சிறந்தது என்பவர்களும் உண்டு. ஆயினும் குறை சொன்னவர்கள் சொன்னது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. 500 பக்கங்களுக்கு மேல் நீள்கிறது. விருந்தும் நடனமும் உடை மாற்றலுமாகப் பாதிக் கதை போய்விடுகிறது. சர்சி யார் என்பது வாசகருக்கு எப்போதோ புரிந்துவிட்டது, இந்த ஜெம்மாவுக்கு மட்டும் ஏன் கடைசிவரை புரியவில்லை? ஃபெலிசிட்டி இத்தனை சுயநலக்காரியாக, வாய்க்கு வந்தபடி பேசுகிறவளாக இருக்கிறாளே, அவளோடு என்ன சிநேகம்? கார்த்திக் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறான்?

காத்திருப்புக்கும் இந்தக் கோபத்துக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். முதல் வாசகர்கள் இரண்டாம் பாகத்துக்காக ஏறக்குறைய 2 ஆண்டு காத்திருந்தார்கள், மூன்றாவதற்கு மேலும் 2 ஆண்டு. நம் பெற்றோர் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னுக்காகக் 'கல்கி' இதழை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். ஆனால் அது வாரா வாரம் வந்தது. நந்தினி செய்யும் சூழ்ச்சிக்கு அடுத்த வாரமே ஏதாவது பதில் கிடைத்தது. 2 ஆண்டு காத்திருந்து கையில் வாங்கிய புத்தகம், முடிவு சொல்லாமல் மேலும் 2 ஆண்டு காத்திரு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இன்று மூன்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறையில் படித்து முடிக்கும் பிள்ளைகளிடம் இந்தச் சலிப்பு அவ்வளவாக இருக்க நியாயமில்லை.

கார்த்திக் விஷயத்தில் குறை சொன்னவர்கள் பக்கம் நானும் பாதி சாய்கிறேன். முருகன் பெயரைத் தாங்கிய பிள்ளை, பம்பாய்க்காரன். ஆனால் அவன் வீட்டில் என்ன மொழி பேசினார்கள், அவன் அம்மா என்ன சமைத்தாள் என்பதையெல்லாம் அறிந்துகொள்ள நமக்கு அதிகம் கிடைப்பதில்லை. அழகான, மர்மமான கீழைநாட்டான் என்ற பழைய வார்ப்பிலிருந்து அவன் முழுவதும் வெளியே வரவில்லை. மறு பாதியில் எனக்கு வேறு கருத்து. இந்தப் பாகத்தில் அவன் ஜெம்மாவின் வீட்டுக்கு வண்டியோட்டியாக வந்து சேர்கிறான். அவள் வண்டிக்குள், அவன் வெளியே பனியில். இருவரும் பேச வேண்டுமென்றால் குதிரை லாயத்தில் ஒளிந்துதான் பேச வேண்டும். பிரபு குடும்பத்துப் பையன் சைமன் மிடில்டனோ வீட்டு வரவேற்பறையில், பாட்டியின் ஆசியோடு, உரிமையாக உட்கார்ந்து பேசுகிறான். நம் பாட்டிகளுக்கு அமெரிக்க மாப்பிள்ளை எப்படியோ அப்படி ஜெம்மாவின் பாட்டிக்கு இந்த சைமன். கார்த்திக் குறைவாக வருகிறான் என்றால், 1895-ன் லண்டனில் அவன் நிற்பதற்கு இருந்த இடமே அவ்வளவுதான். போதாததற்கு, வேலை முடிந்ததும் ஜெம்மாவைக் கொன்றுவிட வேண்டும் என்று அவனுடைய ரகசியக் குழு அவனுக்கு இட்டிருக்கும் கட்டளை புத்தகத்தின் தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியாது. வாய் திறந்து பேச முடியாதவனை அதிகம் பேச வைத்திருந்தால் அதுதான் பொய்யாகியிருக்கும்.

இனி, ஜெம்மாவுக்கு ஏன் புரியவில்லை என்ற கேள்வி. இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுந்த குறைகளில் இதுவே பெரியது. என் வாதமும் இதில்தான் இருக்கிறது.

இந்த நடுப்பாகத்தில் யார் வீட்டில்தான் உண்மை பேசுகிறார்கள்? ஜெம்மாவின் தந்தை லாடனம் என்ற அபினிக் கலவைக்கு அடிமை. பாட்டியோ அவரை மனைவியை இழந்த துக்கத்தில் களைத்தவராகவே ஊருக்குக் காட்டுகிறாள். (இந்திய அபினி பற்றி பிரிட்டிஷ் அரசு அமைத்த ராயல் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டதும் இதே 1895-ல்தான். மாளவத்து அபினி கப்பலேறியது பம்பாய்த் துறைமுகத்தில்.) ஏழை ஆன், ரஷ்ய அரச வம்சத்து வாரிசு என்று கதை கட்டப்பட்டு விருந்துகளில் உலவுகிறாள். காலரா, களைப்பு, அரச வம்சம் என்று எல்லாவற்றுக்கும் கௌரவமான ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. பார்க்காமல் இருக்கப் பழகிய வீட்டில் வளர்ந்த பெண், தனக்குப் பிரியமான ஒருவரிடத்தில் எதிரியை மட்டும் எப்படிச் சட்டென்று பார்த்துவிடுவாள்? சர்சி யார் என்று இங்கே நான் சொல்லப் போவதில்லை. வாசகர் முன்னதாகவே கண்டுபிடித்துவிடுவது கதையின் ஓட்டை என்று சிலர் சொல்கிறார்கள். வெளியே நிற்பவருக்குத் தெரிவது வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரிவதில்லை என்பதே எனக்குக் கதையாகப் படுகிறது.

ஒரு ரகசியத்தை மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஃபெலிசிட்டியின் தந்தை கடற்படைத் தளபதி, ஊர் மெச்சும் வீரர். அவருடைய பொறுப்பில் வளர பாலி என்ற சிறுமி அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறாள். அந்தக் குழந்தையிடம் ஃபெலிசிட்டி முதலில் வெடுக்கென்று நடந்துகொள்கிறாள். பிறகு அவளை எச்சரிக்கிறாள். சிறுவயதில் தன் தந்தையாலேயே தனக்கு நேர்ந்த கொடுமை பாலிக்கும் நேரக்கூடாதே என்பது அவள் பயம். பெரியவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்புகிறவர் யார்? மந்திர சக்தி வேண்டும், வேண்டும் என்று அவள் ஏன் அத்தனை ஆவேசமாக அலைகிறாள் என்பது இதை அறிந்த பிறகுதான் விளங்குகிறது. திமிர் பிடித்தவள், சுயநலக்காரி என்று வாசகர்கள் திட்டியதெல்லாம் இவளைத்தான். ஆசிரியர் இதை ஓரிரு இடங்களில் கோடு காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வேகமாகப் பக்கம் புரட்டுகிறவர் தவறவிட்டுவிட வாய்ப்புண்டு. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் குறை. ஆனால் ஒன்றும் நடக்காத புத்தகம் என்று இதைச் சொல்ல என்னால் முடியாது.

இங்கே நம் வீடுகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கேட்டறிந்த ஆய்வு அது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், நூற்றுக்கு 53 பேர், ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பப்பட்டவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் சொல்லவில்லை. போக்சோ சட்டம் வந்தது 2012-ல். சட்டம் வந்ததால் பிள்ளைக்குத் தானாக வாய் திறந்துவிடுமா?

வெளியூரில் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் ஒரு அறை, ஒரு சமையலறை வீட்டில் ஊரிலிருந்து வேலை தேடி வரும் உறவினர் மாதக்கணக்கில் தங்குவார். அது நல்ல வழக்கம். நம்மில் பலரும் அப்படி ஒருவர் வீட்டில் தங்கித்தான் காலூன்றினோம். எல்லோரையும் சந்தேகி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாயும் தந்தையும் மின்சார ரயிலில் போய் இரவு திரும்பும் வீட்டில், பிள்ளை ஏன் திடீரென்று எரிந்து விழுகிறது, ஏன் ஒருவரைக் கண்டால் மட்டும் முகம் சுளிக்கிறது என்று கேட்காமல், வயசுக் கோளாறு என்று ஒரு கௌரவமான பெயர் வைத்துவிடுகிறோம். ஜெம்மாவின் பாட்டி செய்ததும் இதுதானே!

அதனால்தான் பிள்ளைகள் படிக்கும் இந்தப் புத்தகத்தைப் பெற்றோரும் படிக்கலாம் என்கிறேன். நேருக்கு நேர் கேட்டால் எந்தப் பிள்ளையும் பதில் சொல்லாது. கேட்கும் நமக்கும் நாக்கு எழாது. ஃபெலிசிட்டி ஏன் அப்படி நடந்துகொள்கிறாள் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் தாய்மார் மகளைக் கதை சொல்லச் சொல்லிக் கேட்கலாம். எந்த இடத்தில் அவள் குரல் தயங்குகிறது என்பது தாய்க்குத் தெரியாமல் போகாது.

முத்தமும், மதுவும், அபினியும் வருகிற புத்தகம், இதைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா என்று சிலர் கேட்பது நியாயமே. 10 வயதுப் பிள்ளைக்கான நூல் அல்ல இது. 14, 15 வயதுக்குக் கொடுக்கலாம். பிடுங்கி வைத்தால் பள்ளி பஸ்ஸில் இரவல் வாங்கிப் படிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான். நம் சங்க நூலகத்துக்கும் ஒரு செட் வாங்கலாம். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் பழைய பிரதி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அங்கே முதல் பாகமும் மூன்றாம் பாகமும் மட்டும் கிடைத்து, நடுப்பாகம் இல்லாமல் போகிற ஆபத்து எப்போதும் உண்டு. நடுவில் உள்ளதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் வாங்கிவர வேண்டாம். மூன்றாம் பாகம் 800 பக்கத்தைத் தாண்டுகிறது. அதில் கார்த்திக்குக்கு நேர்வதற்காக ஆசிரியரை இன்றுவரை மன்னிக்காத வாசகியர் இருக்கிறார்கள். அந்த வழக்கை இன்னொரு இதழில் யாராவது ஒரு கல்லூரி மாணவி எழுதினால் படிக்க ஆவலாயிருக்கிறேன்.