மீதி எது?

போன ஞாயிற்றுக்கிழமை, நான்காம் வகுப்பு படிக்கும் என் பேத்தி 4,578-ஐயும் 2,896-ஐயும் கூட்டி 6131614 என்று எழுதிக்கொண்டு வந்தாள். அறுபத்தொரு லட்சத்துச் சொச்சம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். எட்டும் ஆறும் பதினாலு, ஏழும் ஒன்பதும் பதினாறு, ஐந்தும் எட்டும் பதிமூன்று, நாலும் இரண்டும் ஆறு. கூட்டியதில் ஒரு பிழையும் இல்லை. வந்ததை வந்த இடத்திலேயே எழுதிவிட்டாள், அவ்வளவுதான்.

"நாலு போட்டு மீதி ஒண்ணுன்னு மிஸ் சொல்லித் தரலையாம்மா?"

"சொன்னாங்க தாத்தா. ஆனா, நாலுதானே மீதி?"

எனக்குச் சுருக்கென்றது. இப்போதுதான் வகுத்தல் படிக்கிறாள். பதினாலைப் பத்தால் வகுத்தால் ஈவு 1, மீதி 4. கூட்டலில் மட்டும் நாம் ஈவைப் போய் மீதி என்கிறோம்! நானும் ஆயுள் முழுக்க அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். பாடப்புத்தகம் இதை 'இனமாற்றம்' என்கிறது. அருமையான சொல். பத்து ஒன்றுகள் இனம் மாறி ஒரு பத்தாகின்றன. ஆனால் சொல்லிக்கொடுக்கும் வாயில் வருவது என்னவோ 'மீதி'தான்.

சில்லறை டப்பாவைக் கவிழ்த்தேன். ஒரு ரூபாய், பத்து ரூபாய், நூறு ரூபாய் மட்டும்தான் ஆட்டத்தில் உண்டு. இருபது, ஐம்பது, இருநூறு, ஐந்நூறுக்கு அனுமதி இல்லை. நூறு ரூபாய் நோட்டுகள் பாட்டியிடம் வாங்கிய கடன். ஆயிரம் ரூபாய் நோட்டுதான் 2016 நவம்பரோடு செல்லாமல் போயிற்றே, அதற்குத் தினசரிக் காலண்டரின் பழைய தாள்கள். பதினாலு காசு சேர்ந்தது. பத்தைக் கொடுத்து ஒரு பத்து ரூபாய்த் தாள் வாங்கினாள். கையில் நாலு காசு. இப்போது பத்துகளில் ஏழும் ஒன்பதும், புதிதாக வந்த ஒன்றும் சேர்ந்து பதினேழு. அவளே பத்துத் தாள்களை எண்ணி நீட்டி, "நூறு குடுங்க" என்றாள். 7,474 வந்து நின்றது. பாட்டி தன் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

பழைய தமிழ் எழுத்துமுறையில் இடம் குழம்பும் இந்தத் தொல்லை இல்லை. 4,578-ஐ ௪௲௫௱௭௰௮ என்று எழுதுவார்கள். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ஒன்றுகளைத் தவிர மற்ற இலக்கங்களோடு அவற்றின் இடமும் எழுத்தாகவே நிற்கும். இன்றைய முறையில் இடம் கண்ணுக்குத் தெரியாது. இலக்கங்கள் நேருக்கு நேர் நின்றால்தான் உண்டு. 4,578-க்குக் கீழே 396 எழுதச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் 3-ஐக் கொண்டுபோய் 4-க்குக் கீழே நிறுத்திவிடும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஆடம்பரம் இல்லை. (தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம், தொள்ளாயிரம். பெயரில் ஆயிரம் இருக்கிறது, தொகையில் இல்லை.)

மறுநாள் அவளே 9,999-உடன் 1-ஐக் கூட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு காசு வைத்ததும் நாலு முறை மாற்ற வேண்டிவந்தது. பத்தாயிரத்துக்குத் தாள் இல்லை என்று காலண்டரில் அடுத்த நாளையும் கிழித்துவிட்டாள்.

வீட்டில் பிள்ளைகள் கூட்டல் போடும்போது, மேலே சின்னதாக எழுதும் அந்த ஒன்றைத் தொட்டு, "இது எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணு" என்று மட்டும் பதில் வந்தால், விடை சரியாகவே இருந்தாலும் சில்லறை டப்பாவை எடுத்துவிடுங்கள்.