அக்கியும் முதல் மூன்று நாட்களும்

ஹைதராபாத் நகரின் மௌலா அலி, இரயில்வே ஊழியர் பலர் வாழும் பகுதி. தெலுங்கும் உருதுவும் தமிழும் அங்கு வழங்குகின்றன. உடலின் ஒரு பக்கத்தில் கச்சை கட்டினாற்போலக் கொப்புளம் எழுந்தால் தெலுங்கர் அதனைச் 'சர்ப்பி' என்பர். தமிழர் 'அக்கி' என்பர். குயவரிடம் சென்று, காவிக்கல்லைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்வது தமிழ்நாட்டின் நெடுநாளைய வழக்கம். எழுதியபின் சில வாரங்களில் கொப்புளம் உலர்வது உண்மையே. எழுதாவிடினும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அது பெரும்பாலும் உலர்ந்துவிடும். உலராமல் நிற்பது வலி. முதியோர் சிலரை அது மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் வருத்துகின்றது.

சின்னம்மை கண்டவரின் நரம்பு முடிச்சுகளில் அந்நோயின் வைரஸ் ஒடுங்கிக் கிடக்கின்றது. முதுமையாலோ பிணியாலோ எதிர்ப்பாற்றல் குன்றும்போது, அது நரம்பின் வழியே தோலை அடைந்து அக்கியாக வெளிப்படுகின்றது. ஒரு நரம்பின் எல்லைக்குள் அடங்குவதாலேயே கொப்புளம் பெரும்பாலும் உடலின் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. பாம்பின் தலையும் வாலும் கூடினால் உயிர் போகும் என்னும் அச்சத்திற்கு ஆதாரம் இல்லை.

இந்நோய்க்குரிய அசைக்ளோவிர் என்னும் மருந்து 1980-களில் வழக்கத்திற்கு வந்தது. அதன் ஆக்கத்தில் பெரும்பங்கு கொண்ட கெர்ட்ரூட் எலியன், 1988-இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவர். இம்மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். ஏற்பட்டுவிட்ட நரம்புச் சேதத்தை மாற்றாது. ஆதலின் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்திற்குள் இதனைத் தொடங்குதல் நன்று. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாள்தோறும் 5 முறை, 7 நாட்கள். சிறுநீரகக் கோளாறுடையார்க்கு இவ்வளவைக் குறைக்க வேண்டியிருத்தலின், மருத்துவரின் யோசனையின்றி உண்ணலாகாது. இம்மருந்து கொப்புளத்தை விரைவில் ஆற்றும், தொடக்க வலியையும் தணிக்கும். நீடித்த வலி வாராது என்று மட்டும் உறுதி கூற இயலாது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் கண்ணுக்கே ஆபத்து நேரலாம். 72 மணி நேரம் கடந்திருப்பினும் அன்றே கண் மருத்துவரை அடைதல் வேண்டும்.

அக்கி எழுதுவோரைப் பழிப்பதால் நாம் பெறும் பயன் யாது? நோயாளி முதலில் நாடுவது அவரையே. அவரைப் பகைத்தால் அந்த மூன்று நாட்களை இழப்போம். நண்பராக்கினால், "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள்" என்று சொல்ல அவரைவிடத் தகுந்தவர் இல்லை. களப்பணியாளர் அவரைக் கண்டு பேசுதல் வேண்டும். ஆசிரியர்கள் இச்செய்தியைப் பிள்ளைகள் வழியே வீட்டிலுள்ள முதியோர்க்குச் சேர்ப்பித்தல் வேண்டும். மொழிபெயர்க்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. சுவரொட்டியில் 'ஹெர்பிஸ் ஸோஸ்டர்' என்று எழுதினால் படித்தவர்க்கும் விளங்காது. 'அக்கி' என்றே எழுதுவோம். அருகில் 'மூன்று நாட்களுக்குள்' என்று பெரிய எழுத்தில் பொறிப்போம்.