கட்டத்தைப் பிள்ளையே நிரப்பட்டும்

வானூர்ப் பக்கத்துப் பெற்றோரே, கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்கிறேன். பிள்ளைகளின் குறுக்கெழுத்தை நாம் ஏன் போட்டுக் கொடுக்கிறோம்?

சிறுவர் இணைப்பிலோ பள்ளிக்கூடத்துத் தாளிலோ பொது அறிவுக் குறுக்கெழுத்து வருகிறது. பிள்ளை இரண்டு நிமிடம் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நமக்குப் பொறுப்பதில்லை. செல்போனில் தேடி, எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுகிறோம். பரிசு என்றால் இன்னும் மோசம். நாமே நிரப்பி, அடியில் பிள்ளையின் பெயரைப் போட்டு அனுப்புகிறோம். இதற்கு உதவி என்று பெயர் வைக்காதீர்கள்.

1913 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார். அன்றிலிருந்து இந்த ஆட்டத்தின் உயிர் ஒரு விடை இன்னொரு விடைக்குக் கைகொடுப்பதில்தான் இருக்கிறது. 'அலகுக்குக் கீழே பை தொங்கும் நீர்ப்பறவை, ஐந்து எழுத்து' என்று குறிப்பு. பிள்ளை கொக்கு என்று போட்டுப் பார்க்கும், கட்டம் மிஞ்சும். மேலிருந்து கீழாக 'மழை' விழுந்ததும் இரண்டாவது கட்டத்தில் 'ழை' வந்து நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு கூழைக்கடாவுக்கு வந்து சேரும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அந்த நிமிடத்தைத்தான் நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

அந்தக் கூழைக்கடாவைப் படத்தில் மட்டும் காட்டி முடித்துக்கொள்வது அடுத்த குற்றம். வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கிறது கழுவேலி. பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயம், 2024-இல் ராம்சர் பட்டியல். வெளிநாட்டு ஏரியின் பெயரை மனப்பாடம் செய்யவைக்கும் நாம், பிள்ளையை ஒரு தை மாதக் காலையில் இங்கே கூட்டி வந்திருக்கிறோமா?

திருவக்கரைக்கு வக்ரகாளியம்மனைக் கும்பிட வருடா வருடம் போகிறோம். அர்ச்சனை முடித்துச் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறோம். பக்கத்திலேயே கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பார்த்துக் குறித்து வைத்தார். ஒரு தண்டின் அருகே பிள்ளையைக் குந்தவையுங்கள். மரத்தின் வரி அப்படியே தெரியும். தொட்டால் கல்லின் சில்லிப்பு. வேர் எங்கே, கிளை எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. வேறெங்கோ வளர்ந்த மரங்களை வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தது. மண்ணுக்குள் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா, மரத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது. இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு 'கல்மரம்' என்ற விடை எந்தத் தாளில் வந்தாலும் மறக்காது.

மரக்காணமும் அப்படித்தான், நாம் பிள்ளைக்குக் காட்டாமல் விட்ட இடம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: தெரியாத கட்டம் காலியாகவே இருக்கட்டும். யாரும் அடிக்கப் போவதில்லை. விடுமுறையில் பிள்ளையே நம் ஊரைப் பற்றி ஒரு குறுக்கெழுத்து போடட்டும். உப்பளத்தில் வேலை பார்க்கும் மாமாவோ அத்தையோ இருந்தால், பாத்தி கட்டுவது பற்றியும் உப்பு வாருவது பற்றியும் அவர்களிடம் கேட்டுக் குறிப்பு எழுதட்டும். போட்டு முடித்த தாளை உங்களிடம் நீட்டும்போது செல்போனை எடுக்காதீர்கள். விடை தெரியாவிட்டால் பிள்ளையிடமே கேளுங்கள்.