சின்னக் கண்ணாடிக்காரருக்கும் வானம் உண்டு

நான் கலைப்பீடம். பௌதிகவியலோடு எனக்கிருந்த உறவு சாதாரண தரத்தோடு சரி. ஆனாலும் இந்த விசயத்தை சயன்ஸ்காரரிடம் மட்டும் விட்டுவிட மனமில்லை. இதில் காசில்லாத நாடுகளுக்கு ஒரு சேதி இருக்கு.

பல்லேகலயில் இரவில் நின்று எதிர்மலைப் பாதையைப் பாருங்கள். தூரத்தில் வரும் வேனின் இரண்டு லைட்டும் ஒரே பொட்டாகத் தெரியும். கிட்ட வரவரப் பிரியும். தொலைகாட்டிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒளி ஓர் அலை. அதனால் எவ்வளவு திறமான கண்ணாடியிலும் நட்சத்திரம் புள்ளியாக விழாது, சின்னத் திட்டாக விரியும். இரண்டு திட்டுகள் எவ்வளவு நெருங்கினால் பிரித்தறிய ஏலாது என்பதற்கு 1879இல் ரேலி பிரபு ஓர் அளவுகோல் சொன்னார். அதற்கு எல்லாரும் கண்ட மருந்து, கண்ணாடியைப் பெரிசாக்குவது. சிலியில் இப்போது 39 மீற்றர் கண்ணாடியோடு ஒரு தொலைகாட்டி எழும்புகிறது. எங்கள் நாட்டில் கட்டுபெத்தயில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்திடம் இருப்பது 45 சென்ரிமீற்றர். அதுவும் யப்பான் தந்தது.

2016இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மன்கெய் சாங், ரஞ்சித் நாயர், சியாவ்-மிங் லூ மூவரும் வேறு கேள்வி கேட்டார்கள். அந்த இடைவெளி பற்றிய தகவல் ஒளியிலேயே இல்லையா, இல்லாட்டி அளக்கும்போது நாங்கள்தான் தொலைக்கிறோமா? குவாண்டம் கணக்குப் போட்டுப் பார்த்தால், தொலைப்பது நாங்கள்தான். ஒளி எங்கே விழுந்தது என்பதை மட்டுமே கமரா எண்ணுகிறது. அதற்கு முதலே ஒளியை அலை வடிவங்களாகப் பிரித்தால், நடுவில் ஒரே நட்சத்திரம் உள்ளபோது ஒளி முழுக்க முதல் வடிவத்துக்குள் அடங்கும். இரண்டு இருந்தால் கொஞ்சம் அடுத்த வடிவத்துக்குள் கசியும். அந்தக் கசிவை எண்ணினால் இடைவெளி தெரிந்துவிடும். விசேட ஒளி ஒன்றும் தேவையில்லை, சாதாரண நட்சத்திர வெளிச்சமே போதும்.

எல்லை உடைஞ்சு போச்சு என்று துள்ளவும் வேண்டாம். நடுப்புள்ளியைச் சரியாகப் பிடிக்க வேணும். வளிமண்டலக் கலங்கல் கணக்கைக் குழப்பும். பெரிய கண்ணாடி அள்ளுகிற அளவு ஒளியைச் சின்னது அள்ளாது.

ஆனால் நூறு வருசத்துக்கு மேலாக இயற்கையின் சட்டம் மாதிரி படிப்பித்த ஒன்று, ஓர் அளக்கும் முறையின் குறையாக இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது இரவெல்லாம் விளக்கு எரிகிற ஒரு குட்டித் தீவில் போட்ட கணக்கு. எங்களிடம் காசில்லை என்பது உண்மை. அதைச் சாட்டாக வைத்துக் கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டோம் என்பதுதான் என் கோபம். பாடசாலை வானியல் கழகங்கள் தொலைகாட்டி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடதாசியும் பென்சிலும் கையில் இருக்கே, அடுத்த கூட்டத்தை அதோடு தொடங்கலாம்.