விடுதிச் சாப்பாட்டின் விலை

கலாசாலை விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் பலர் புன்னகை புரிகிறார்கள். தண்ணீராய் ஓடிய சாம்பாரும் கல்லாய்க் கிடந்த இட்டிலியும் அவர்களுடைய வாலிப காலத்தின் இனிய ஞாபகங்களில் சேர்ந்துவிட்டன. "நாங்களும் அதைத் தின்றுதானே மனிதர்களானோம்?" என்கிறார்கள். இதில் ஹாஸ்யம் இருக்கிறது. நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

சமீபத்தில் நண்பர் ஒருவருடன் அவருடைய குமாரி தங்கிப் படிக்கும் விடுதிக்குப் போயிருந்தோம். பெற்றோரைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் அனுமதிக்கும் தினம் அது. அந்தப் பெண் சோற்றைப் பிசைந்தாள். இரண்டு கவளம் உண்டாள். மிச்சத்தை மூலையிலிருந்த அண்டாவில் கொட்டினாள். பந்தியில் மற்றவர்களும் அவ்வாறே செய்தார்கள். பிறகு வாசற்கடையில் ஒரு பொட்டலம் வறுவலும் டீயும் வாங்கிக்கொண்டாள். ஒரே பசிக்குத் தகப்பனார் இரண்டு இடத்தில் பணம் கொடுக்கிறார், பசிதான் தீர்ந்தபாடில்லை.

விடுதிகளில் பெரும்பாலும் இரண்டு வித ஏற்பாடுகள் உண்டு. மாதச் செலவைக் கூட்டி மாணாக்கர்கள் பங்கிட்டுக் கொள்ளும் 'டிவைடிங்' முறை ஒன்று. இதில், அண்டாவில் விழுந்த சோற்றின் விலையும் எல்லோர் தலையிலும் விழுகிறது. மற்றது காண்டிராக்டு முறை. தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தபின், பிள்ளைகள் எவ்வளவு குறைவாக உண்கிறார்களோ அவ்வளவும் காண்டிராக்டருக்கு மிச்சம். ருசியின்மையே அங்கு லாபத்துக்கு வழியாகிவிடுகிறது! சமையற்காரரை வைது பயனில்லை. கோளாறு ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

நஷ்டம் பணத்தோடு நின்றாலும் பாதகமில்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்த சோகை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2024-ல் வெளியிட்ட உணவு நெறிகள், ஒரு நாளுக்கு வேண்டிய சக்தியில் 45 சதவீதத்துக்கு மேல் தானியங்களிலிருந்து வரலாகாது என்கின்றன. சாப்பாட்டை ஒட்டி டீயோ காபியோ அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேருவது குறையும் என்றும் எச்சரிக்கின்றன. நாம் கண்ட தட்டிலோ சோறு மலைபோல், பருப்பு பெயருக்கு, காய்கறி தேடினால் உண்டு!

பசித்த வயிற்றில் படிப்பு ஏறாது என்பதைத் தமிழ்நாடு அறியாததல்ல. 1920-ல் சென்னை நகர சபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு அளித்தது. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் எம். ஜி. ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-ல் வந்த காலை உணவும் அதே வழியில் பிறந்தவை. முட்டை கொடுத்து வளர்த்த குழந்தை, கலாசாலை வாசலை மிதித்ததும் யார் பொறுப்பிலும் இல்லாமற் போவது என்ன விந்தை!

பரிகாரம் கடினமல்ல. கொட்டும் சோற்றைத் தினமும் எடை போட்டு, அந்தக் கணக்கை எல்லோரும் காணப் பலகையில் எழுதட்டும். காண்டிராக்டரின் ஊதியம் அந்தக் கணக்கைப் பொறுத்திருக்கட்டும். கலாசாலைத் தலைவர் முன்னறிவிப்பின்றி வாரம் ஒரு முறை அதே பந்தியில் உட்காரட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைச் சேர்க்கும்போது நூல் நிலையத்தையும் ஆராய்ச்சிக் கூடத்தையும் சுற்றிப் பார்க்கிறோம். இனிமேல் சமையற்கட்டையும் ஒரு முறை எட்டிப் பார்ப்போமாக.